சட்டையில் கேமரா, பொத்தான் யார் கையில்?

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் விடிய விடிய அடித்தபோதும் அவை சுவரில் அப்படியேதான் இருந்தன. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவர் பதிவைக் கேட்டார். ஹார்ட் டிஸ்க் ஒரு டெராபைட். இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். 19ஆம் தேதி என்ற நாளே அந்த இயந்திரத்தில் இல்லை.

தானாக எதுவும் அழியாது, தோழர்களே. எத்தனை நாள் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று இயந்திரம் கேட்கும் கேள்விக்கு ஒரு மனிதர்தான் பதில் கொடுக்க வேண்டும். அந்தப் பதில்தான் கொள்கை. அரசாணை போடாமல், சட்டமன்றத்தில் விவாதிக்காமல், ஒரு காவல் நிலையத்தின் மூலையில் யாரோ ஒருவர் விரல் நுனியால் எழுதிய கொள்கை. அந்த இரவை நமக்குக் காட்டியது கேமரா அல்ல. மேசையிலும் லத்தியிலும் காய்ந்திருந்த இரத்தமும், அஞ்சி அஞ்சி வாக்குமூலம் கொடுத்த ஒரு பெண் தலைமைக் காவலரின் மனசாட்சியும்தான் காட்டின.

இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இன்றைய கோரிக்கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. லாக்கப் மரணம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு கனவான் சொல்கிறார்: போலீஸ்காரர்களின் சட்டையில் கேமராவை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நம் இளைஞர்களும் இதைப் பகிர்கிறார்கள். சென்னையில் போக்குவரத்துக் காவலர்கள் சிலரின் நெஞ்சில் ஏற்கெனவே அது தொங்குகிறது. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் அதை எப்போது போடுவது, யார் அணைப்பது, பதிவு எங்கே போய்ச் சேர்வது, அடிவாங்கியவருக்கு அது கிடைக்குமா என்பதையெல்லாம் காவல்துறையே எழுதிக்கொண்டால், நாம் கேட்டு வாங்குவது இன்னொரு லத்தியைத்தான்.

காவல்துறைக்குக் கேமராமேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே நன்றாகவே படம் எடுக்கிறார்கள். மாவுக்கட்டுப் படங்களை யார் எடுத்து அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கையிலும் காலிலும் கட்டுப் போட்டு வரிசையாக உட்கார வைக்கப்பட்ட இளைஞர்கள். தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார்கள், கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்கள் என்று ஒரு வரி விளக்கம். கீழே ஆயிரக்கணக்கில் கைதட்டல். காவல் நிலையக் கழிப்பறைகள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா, காவலர்களுக்கு வழுக்காதா என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. எலும்பு உடைந்த பிறகு கேமரா ஓடுகிறது; உடையும்போது ஓடுவதில்லை. மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியே வருகிறது. மன்னிப்புக் கேட்க வைத்த வீடியோ வருவதில்லை. இந்தத் தேர்வுரிமையை அப்படியே வைத்துக்கொண்டு, கேமராவை மட்டும் கையிலிருந்து சட்டைக்கு இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிடம் பத்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. 2012இல் கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரத்தில் நடந்த சோதனையில், கேமரா மாட்டிய பிறகு காவலர்கள்மீதான புகார்கள் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தன. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு கேமரா கம்பெனிகள் உலகெங்கும் வியாபாரம் செய்தன. தலைநகர் வாஷிங்டனில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து முறையாகச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டபோது, கேமரா மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடே தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில், 2016இல் வெளிவந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு முக்கியமானது. ரியால்டோ ஆய்வில் பங்கெடுத்த அறிஞர்களே பல ஊர்களில் செய்தது. விதிப்படி தொடக்கம் முதல் கேமராவை ஓடவிட்ட இடங்களில் காவலர்கள் பலத்தைப் பயன்படுத்துவது 37 விழுக்காடு குறைந்தது. எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதைக் காவலரே முடிவு செய்துகொண்ட இடங்களில் அது 71 விழுக்காடு கூடியது. கேமரா இல்லாத நாட்களைவிடக் கூடியது! அதே கருவிதான். விதி மாறியது, விளைவு தலைகீழானது.

பால்டிமோர் நகரத்தில் 2017இல் நடந்தது இன்னும் தெளிவானது. ஒரு காவலர் வீட்டுப் பின்பக்கம் போய்ப் போதைப்பொருள் பொட்டலத்தை ஒரு டப்பாவுக்குள் வைக்கிறார். தெருவுக்கு வருகிறார். கேமராவைப் போடுகிறார். திரும்பப் போய்த் தேடுவதுபோல் தேடி, அதே பொட்டலத்தை ‘கண்டுபிடிக்கிறார்’. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 வினாடிகளையும் அந்தக் கேமரா ஒலியில்லாமல் சேமித்து வைக்கும் என்பது அந்த மனிதருக்கு நினைவில்லை. அந்த 30 வினாடிதான் அவரைத் தண்டனை வரை கொண்டுபோனது. அதற்குள் கைதானவர் மாதக்கணக்கில் சிறையில் கிடந்துவிட்டார். ஜோடிப்பு வழக்கு என்றால் என்ன என்று நம் காலனி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் கஞ்சா வைப்பது நம் ஊரிலும் தெரிந்த வித்தைதான். ஆகவே கொள்கை எழுதுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த 30 வினாடியை. 30 என்ன, இரண்டு நிமிடமாகவே இருக்கட்டும், ஒலியோடு இருக்கட்டும்.

சிகாகோவில் 2014 அக்டோபரில் லக்குவான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞரை ஒரு காவலர் 16 முறை சுட்டார். கத்தியோடு பாய வந்தார் என்றது காவல்துறை. காவல் வண்டியின் கேமராவில் அவர் விலகி நடந்து போவது பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு மக்களுக்கு வர 13 மாதம் ஆனது. அதுவும் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு. பதிவு வெளியான அதே நாளில்தான் அந்தக் காவலர்மீது கொலை வழக்கு. 13 மாதமும் அது அரசின் கையில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பதிவு இருந்தது, பார்த்தவர்கள் இருந்தார்கள், நீதி மட்டும் அலமாரியில் இருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்தபோதும் காவலர்களின் சட்டையில் கேமரா இருந்தது. மினியாபொலிஸ் காவல்துறையின் முதல் அறிக்கை அதை மருத்துவச் சிக்கல் என்றுதான் சொன்னது. உலகம் பார்த்தது தெருவில் நின்ற 17 வயதுப் பெண் தன் கைபேசியில் எடுத்ததை.

நம் திருப்புவனமும் அப்படித்தான். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படைக் காவலர்கள் அடித்ததை யாரோ ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்தார். உடலில் 40க்கு மேற்பட்ட காயங்கள். அந்தச் சில வினாடிகள் இல்லையென்றால் வலிப்பு வந்து விழுந்தார் என்பதோடு கோப்பை மூடியிருப்பார்கள். இந்த வழக்கில் பாடி கேமரா ஆதரவாளர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தனிப்படை சீருடை போடுவதில்லை. டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, நம்பர் பிளேட் சந்தேகமான வேனில் வருகிறவர்களின் நெஞ்சில் எந்தக் கேமராவை எங்கே மாட்டுவீர்கள்? தமிழ்நாட்டில் சித்திரவதை பெரும்பாலும் சீருடையில் நடப்பதில்லை. காவல் நிலையத்திலும் நடப்பதில்லை. தோப்பில், லாட்ஜில், ஓடும் வண்டியில், பூட்டிய மண்டபத்தில் நடக்கிறது. கேமரா இல்லாத காவலர் எவருக்கும் ஒருவரைப் பிடித்து வைக்கும் அதிகாரம் இல்லை என்று விதி சொல்லாவிட்டால், கேமரா போக்குவரத்து அபராதச் சண்டைகளைப் படம் பிடிக்கத்தான் உதவும்.

இன்னொன்றும் இருக்கிறது. கேமரா தொங்கப் போவது யார் நெஞ்சில்? இரண்டாம் நிலைக் காவலர் நெஞ்சில். அவரிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதிகாரி வீட்டில் எடுபிடி வேலை பார்த்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ‘ரெண்டு தட்டு தட்டி விசாரி’ என்று மேலிருந்து வரும் போன் அழைப்பு எந்தக் கேமராவிலும் விழாது. அடித்தவர் சிறைக்குப் போவார், அடிக்கச் சொன்னவர் அடுத்த மாவட்டத்துக்குப் போவார். ஆகவே வாய்மொழி உத்தரவுகளையும் அழைப்புப் பதிவுகளையும் சேர்க்காத கேமராக் கொள்கை, கீழே இருப்பவனை மட்டும் பிடிக்கும் வலை.

இனி, இந்த விவாதத்தில் யாருமே பேசாத இடத்துக்கு வருகிறேன். போலீஸ் அடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். போலீஸ் எழுத மறுப்பதைப் பற்றி? சாதி வன்கொடுமைக்கு ஆளான ஒரு தலித் குடும்பம் காவல் நிலையத்துக்குள் நுழைந்த பிறகு நடப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரைட்டர் இல்லை. ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். சாயங்காலம் வாங்க. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு எதுக்கு இதெல்லாம், சமாதானமா போங்க. கையில் ஒரு சி.எஸ்.ஆர் ரசீது. சாதி பேரைச் சொல்லித் திட்டினான் என்று சொன்னால் அந்த வரி மட்டும் எழுத்தில் வராது. இவர்கள் வெளியே வருவதற்குள் எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் எழுதி வாங்கி, அதுவும் வழக்காகிவிடும். பிறகு இரண்டு வழக்கையும் வைத்து ‘ராசி’ பேசுவார்கள். இது ஒரு காவல் நிலையத்தின் கதை அல்ல. இதற்கு வட மாவட்டம், தென் மாவட்டம் என்ற வேறுபாடும் கிடையாது.

சட்டம் இதற்குத் தெளிவாக இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக் காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வழக்குப் பதிய வேண்டும். நகல் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. 18-ஏ பிரிவின்படி வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையே இல்லை. பிறகு ஏன் இந்தப் பிரிவில் ஒரு எஸ்.ஐ.யாவது சிறைக்குப் போனதாக நாம் கேள்விப்படுவதே அரிதாக இருக்கிறது? மறுத்ததற்குச் சாட்சி இல்லை. போதாததற்கு, நிர்வாக விசாரணையின் பரிந்துரை வந்தால்தான் குற்றச்சாட்டே பதிய முடியும். எழுத மறுத்தவரின் மேலதிகாரிதான் மறுத்தாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். புகார் மேசையில் இருப்பவரின் சட்டையில் ஓடும் கேமரா, அணைக்க முடியாத கேமரா, ஒலியோடு இருந்தால் இந்த நாடகத்தின் பாதி அன்றைக்கே முடிந்துவிடும். கைது செய்யும் நேரத்துக்கு மட்டும் கேமரா என்று எழுதப்படும் எந்தக் கொள்கையும் நமக்கான கொள்கை அல்ல. தலித்துகளுக்குக் காவல் நிலையத்தின் முதல் வன்முறை பேனாவை எடுக்காத கை.

அதைவிட வேடிக்கை, இதற்கான சட்டம் புதிதாக வர வேண்டியதே இல்லை. அதே சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவின் 10ஆம் உட்பிரிவு, இச்சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. எல்லா நடவடிக்கைகளும். எத்தனை வழக்கறிஞர்கள் இதைக் கேட்டு மனுப் போடுகிறார்கள்? கேமரா வாங்க டெண்டர் விடும் அரசுகளுக்கு, ஒடுக்கப்பட்டவர்களுக்காகவே எழுதப்பட்ட இந்த ஒற்றை வரி கண்ணில் படுவதில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு தேடுதலையும் பறிமுதலையும் ஒலி, ஒளியுடன் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குகிறது. அதற்குக் கைபேசியே நல்லது என்றும் சொல்கிறது. பொருளை எடுப்பதைப் படம் பிடிக்க வேண்டும். ஆளை எடுப்பதைப் படம் பிடிக்கும் கட்டாயம் இல்லை. சொத்துக்கு உள்ள மதிப்பு உடலுக்கு இல்லை.

கேமரா முன்னால் நிற்பவர்களின் பக்கத்திலிருந்து ஓர் அச்சமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. நெஞ்சில் மாட்டிய கேமராவுக்குப் போலீஸ்காரரின் முகம் தெரியாது. அது நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நள்ளிரவில் காலனிக்குள் புகுந்து கதவைத் தட்டும்போது, ஒற்றை அறை வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பெண்களும் குழந்தைகளும் அதில் விழுவார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் முகம் விழும். சாதி மறுப்புத் திருமணம் செய்து பாதுகாப்புக் கேட்டு வரும் இணையர் இருக்கும் இடம் விழும். அந்தக் காட்சி பெண் வீட்டாரின் வாட்சப்புக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? மாவுக்கட்டுப் படம் கசிந்த அதே வழியில் இதுவும் கசியும்.

முகம் அடையாளம் காணும் மென்பொருள் தமிழ்நாடு காவல்துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் சட்டைக் கேமராவையும் இணைத்தால், ஆர்ப்பாட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு கோப்பு. அமெரிக்காவில் உடல் கேமரா விற்கும் மிகப் பெரிய கம்பெனியான ஆக்ஸானே 2019இல், தன் அறநெறிக் குழு எச்சரித்த பிறகு, அந்தத் தொழில்நுட்பத்தைத் தன் கேமராக்களில் சேர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. வியாபாரிக்கு வந்த தயக்கம் நம் அரசுக்கு வரவில்லை.

இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் ரேகையை நினைத்துப் பாருங்கள். விரல் ரேகையும் ஒரு காலத்தில் நவீன அறிவியலாகத்தான் வந்தது. நம் மண்ணில் அது சாதியைப் பார்த்துத்தான் மையைத் தடவியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. திருட்டு வழக்கு என்றால் குறவர் குடியிருப்புக்கும் இருளர் குடியிருப்புக்கும் வண்டி போகும் பழக்கம் போகவில்லை. ‘வழக்கமான குற்றவாளி’ என்ற பெயரில் அதே பட்டியல் தொடர்வதை 2024 அக்டோபரில், சிறைகளில் சாதி குறித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. பட்டியல் கையில் இருப்பவர்களிடம் பார்த்ததை மறக்காத ஒரு கண்ணையும் கொடுக்கிறோம். அதற்கு விலங்கு போடாமல் கொடுக்கலாமா?

காவல்துறையினர் மூன்று காரணம் சொல்வார்கள். பேட்டரி நிற்காது, செலவு அதிகம், கேமரா இருந்தால் காவலர்களின் மனஉறுதி குலையும். பேட்டரியை விடுங்கள், மாற்றுப் பேட்டரி கடையில் கிடைக்கும். மனஉறுதி பற்றி என்ன சொல்வது? மடியில் கனம் இருப்பவருக்குத்தான் வழியில் பயம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். காவலர் அணைக்க முடியாத கேமரா. அணைந்திருந்தால், அந்த நேரத்தில் நடந்ததற்குக் காவல்துறை சொல்லும் கதையை நீதிமன்றம் நம்பத் தேவையில்லை என்ற விதி. மெம்ஃபிஸில் 2023இல் டயர் நிக்கோல்ஸை அடித்தபோது கேமராக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கையைப் பிடித்துக்கொண்டே ‘கையைக் கொடு, கையைக் கொடு’ என்று கேமராவுக்காகக் கத்தினார்கள். தெருக்கம்பத்தில் இருந்த கேமராதான் நடந்ததை முழுதாகக் காட்டியது. ஆகவே காவலர் தன் அறிக்கையை எழுதிக் கொடுத்த பிறகே பதிவைப் பார்க்கலாம். பதிவுக்குப் பொருந்தும்படி கதை செய்ய வாய்ப்புத் தரக்கூடாது. பதிவு காவல்துறையின் கணினியில் தங்கக்கூடாது, மாவட்ட நீதிபதியின் பொறுப்பில் உள்ள இடத்துக்கு அன்றன்றே போக வேண்டும். கேமராவில் பதிவானவருக்கும், அவர் இறந்தால் குடும்பத்துக்கும், 48 மணி நேரத்துக்குள் நகல் இலவசமாக வேண்டும். ஆர்ப்பாட்டங்களில் முக அடையாள மென்பொருள் கூடவே கூடாது. எல்லாவற்றையும்விட, தெருவில் நின்று போலீஸைப் படம் எடுக்கும் சாமானியரின் கைபேசியைப் பிடுங்குவது குற்றம் என்று எழுத வேண்டும். மேலே சொன்ன சாவுகளில் மினியாபொலிஸையும் திருப்புவனத்தையும் வெளியே கொண்டுவந்தது அரசு வாங்கிய கேமரா அல்ல.

கொள்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா, 18 மாதப் பதிவு, முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு என்று உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர், எஸ்.பி., மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவர் உள்ளிட்டோரைக் கொண்ட கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னது. போலீஸைக் கண்காணிக்கும் குழுவில் எஸ்.பி.யே உட்கார்ந்திருப்பதை என்னவென்று சொல்வது, அது தனிக் கூத்து. ஆனாலும் அந்தக் குழுவுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது: பதிவுகளைப் பார்த்து, புகாராக வராத மனித உரிமை மீறல் ஏதும் நடந்திருக்கிறதா என்று தேடுவது. ஐந்தாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், கேமராக்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய்தான். உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இன்றைக்கே எழுதுங்கள். அந்தக் குழு இதுவரை எத்தனை முறை கூடியது, எந்தெந்தத் தேதிகளில், எந்தக் காவல் நிலையத்தின் பதிவைப் பார்த்தது, உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் பதிவு எத்தனை நாள் வரை இருக்கிறது, புகார் மேசை அதில் தெரிகிறதா, பேசுவது கேட்கிறதா? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்தால், என்ன வந்ததோ அதை அப்படியே எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள்.